ஸ்விஃப்ட் ட்ராக் காருக்கு அட்ஜஸ்டபிள் லோயர் ஆர்ம்: மாட்டியதும் அளந்ததும்

முன் இடது டயர்தான் என்னை இந்த வேலையில் இழுத்துவிட்டது. இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கில் கடிகாரச் சுற்றில் ஓட்டுகிறோம். 3.717 கிலோமீட்டர் சுற்றில் வலப்பக்கத் திருப்பம்தான் அதிகம். முன்சக்கர டிரைவ் காரில் அத்தனை பாரமும் இடது முன் டயர் தலையில்தான் விழும். என் பழைய 1.3 பெட்ரோல் ஸ்விஃப்ட்டில் அந்த டயரின் வெளி ஓரம் கம்பி தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருக்கும், உள் ஓரத்தில் புது டயரின் முடி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். காற்றை ஏற்றிப் பார்த்தேன், இறக்கிப் பார்த்தேன், டயரைக் கழற்றித் திருப்பியும் மாட்டிப் பார்த்தேன். பிட்டுக்குள் வந்த கையோடு ஊசித் தெர்மாமீட்டரால் ரப்பருக்குள் குத்திப் பார்த்தால் வெளி ஓரம் உள் ஓரத்தைவிட 20 டிகிரிக்கு மேல் சூடு. அப்புறம் சந்தேகப்பட ஒன்றுமில்லை, கேம்பர் (முன்னால் நின்று பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கிற கோணம்; தலை உள்ளே சாய்ந்தால் மைனஸ்) போதவில்லை. (துப்பாக்கி மாதிரி நீட்டுகிற இன்ஃப்ராரெட் மீட்டரை இதற்கு நம்பாதீர்கள். அது மேல்தோலை மட்டும் பார்க்கும், மேல்தோல் பிட் லேனிலேயே ஆறிவிடும்.)

ஸ்விஃப்ட்டின் முன்பக்கம் மேக்ஃபர்சன் ஸ்ட்ரட், ஸ்ப்ரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாகச் சேர்ந்த அமைப்பு. கம்பெனியிலிருந்து வரும்போது கேம்பர் சீரோவுக்குப் பக்கத்தில்தான் இருக்கும், அதை மாற்ற வழியும் கிடையாது. ஸ்ப்ரிங் மாற்றி வண்டியை இறக்கினால் கொஞ்சம் மைனஸில் போகும். ஆனால் வண்டி வளைவில் சாயும்போது வெளிப்பக்கச் சக்கரமும் கூடவே வெளியே சாய்ந்து அந்தக் கொஞ்சத்தையும் தின்றுவிடும். ட்ராக்குக்கு மைனஸ் இரண்டரையிலிருந்து மூன்று வரை வேண்டும்.

அதற்கு மூன்று வழி இருக்கிறது. ஸ்ட்ரட்டையும் நக்கிளையும் (சக்கரத்தைத் தாங்கும் வார்ப்பு) சேர்க்கும் போல்ட்டில் ஒன்றை எடுத்துவிட்டு கேம்பர் போல்ட் போடலாம். ஸ்ட்ரட்டின் உச்சியில் நகர்த்தக்கூடிய தட்டு வைக்கலாம். இல்லையென்றால் கீழே, வண்டியின் அடிப்பக்கத்தையும் நக்கிளையும் சேர்க்கிற லோயர் ஆர்மை நீட்டலாம். கேட்கிறவர்களுக்கெல்லாம் நான் முதலில் சொல்வது கேம்பர் போல்ட்தான். ஒரு டிகிரி, மிஞ்சினால் ஒன்றரை டிகிரி கிடைக்கும். விலை குறைவு, ஒரு சாயங்காலத்தில் முடிகிற வேலை. பாதிப் பேருக்கு அதுவே போதும். ஆனால் அந்த போல்ட்டின் நடுப்பகுதி ஒல்லியானது. ட்ராக் ஓரத்துக் கெர்ப் மேல் ஏறி இறங்கினால் நழுவிக்கொள்ளும். இன்னொரு சிக்கல், சக்கரத்தின் தலை ஸ்ட்ரட் பக்கமாகச் சாய்வதால் அகலமான டயர் போட்டால் ஸ்ட்ரட்டில் உரசும். எனக்கு இரண்டும் நடந்தது. கேஸ்டரையும் (பக்கவாட்டில் பார்த்தால் சக்கரம் திரும்புகிற அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் கோணம்) மாற்ற வேண்டும் என்ற ஆசை வேறு. அதனால்தான் ஆர்முக்குப் போனேன்.

ஆர்மை நீட்டும்போது என்ன ஆகிறது என்பதை ஒரு தாளில் வரைந்து பார்த்துவிடுங்கள். ஸ்ட்ரட்டும் நக்கிளும் போல்ட்டால் இறுகி ஒரே துண்டு மாதிரி நிற்கும். அதன் மேல்நுனி பாடியில் நிற்கிறது, கீழ்நுனியை வெளியே தள்ளுகிறோம். மேல் மவுன்டிலிருந்து பால் ஜாயின்ட் (ஆர்மும் நக்கிளும் சேரும் உருண்டை மூட்டு) வரை சுமார் 600 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், பால் ஜாயின்ட் 10 மி.மீ. வெளியே போனால் கிட்டத்தட்ட ஒரு டிகிரி கேம்பர். டயருக்கும் ஸ்ட்ரட்டுக்கும் உள்ள இடைவெளி மாறாது. அது நல்லது. ஆனால் சக்கரத்தோடு கட்டியிருக்கிற எல்லாமே கூடவே வெளியே போகும்: சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட், ஸ்டீயரிங்கிலிருந்து வந்து சக்கரத்தைத் திருப்பும் டை ராடின் நுனி, பிரேக் ஹோஸ். ஆர்ம் மாட்டுவது ஒரு வேலையே இல்லை. இவை ஒவ்வொன்றும் எங்கே போய் நிற்கிறது என்று பார்ப்பதுதான் வேலை.

ஆர்மை நானே செய்ய வைத்தேன். புதுப்பேட்டையில் ஒரு ஜோடி பழைய ஸ்விஃப்ட் ஆர்ம் வாங்கினேன். அடிபடாததாக, வளையாததாகப் பொறுக்கி எடுக்கவே அரை நாள் ஆனது. அதை அம்பத்தூர் எஸ்டேட்டில் எனக்குத் தெரிந்த லேத் அண்ணனிடம் கொடுத்தேன். அவர் அதை அளவாக வைத்து ஒரு ஜிக் போட்டார். முன் புஷ் (ஆர்ம் உள்பக்கத்தில் மாட்டும் ரப்பர் மூட்டு) மையம், பின் புஷ் மையம், பால் ஜாயின்ட் மையம், மூன்றுக்கும் கனமான தகட்டில் மூன்று முளை. புது ஆர்மின் தொடக்க அளவு ஒரிஜினல் அளவாகவே இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். அந்த சீரோ தெரிந்தால்தான் நீட்டியது எவ்வளவு என்று பேச முடியும்.

ஸ்விஃப்ட் ஆர்ம் எல் வடிவத் தகட்டு ஆர்ம். முன் கால் கிட்டத்தட்ட நேராகப் பக்கவாட்டில் போகும், பின் கால் சாய்வாகப் பின்னால் போகும். புதியதில் இரண்டு காலும் சீம்லெஸ் பைப். பைப்பின் ஒரு முனையில் இடது மரை, மறு முனையில் வலது மரை. பைப்பைச் சுற்றினாலே நீளம் மாறும், எதையும் கழற்ற வேண்டாம். பின் காலை முன் காலோடு அப்படியே வெல்ட் அடித்துவிடலாம் என்றுதான் நான் நினைத்திருந்தேன், செலவும் குறையும். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை.

"தம்பி, ராடு எண்டு இழுத்தா தாங்கும், தள்ளினா தாங்கும். வளைக்க விட்டா ஒரு நாள் பட்டுனு போயிரும். ரெண்டு காலும் தனித்தனியா அசையணும்" என்றார்.

ராடு எண்ட் என்பது மரைத் தண்டின் தலையில் உருண்டை மூட்டு இருக்கிற துண்டு. அவர் சொன்னதுதான் சரி. வெல்ட் அடித்த மூலையில் பின் காலை மட்டும் நீட்டினால் முக்கோணம் திறக்க முடியாமல் மரை வளையும். அதனால் பின் கால் முன் காலில் ஒரு கிளெவிஸில் (அசைய விடுகிற கவட்டை மூட்டு) வந்து சேர்கிறது. கடையில் ரெடிமேடாக வாங்குகிறவர்களும் இந்த ஒன்றைப் பார்த்து வாங்குங்கள். பளபளப்பான அனோடைஸ் கலரைப் பார்த்து மயங்காமல், எந்த ராடு எண்டாவது வளையும் விசையில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பிரேக் அடிக்கும்போது பின் கால் முழு அழுத்தத்தில் இருக்கும். அந்த நேரத்தில் அது போனால் சக்கரம் மட்கார்டுக்குள் போய்விடும்.

ராடு எண்டில் இன்னும் சில விஷயங்கள். மரை பைப்புக்குள் அதன் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்காவது உள்ளே இருக்க வேண்டும். எம்16 என்றால் 24 மி.மீ. பைப்பில் அந்தத் தூரத்தில் ஒரு சின்ன ஓட்டை போட்டுவிட்டால், கம்பி விட்டுப் பார்த்து மரை தெரிகிறதா என்று உறுதிசெய்துகொள்ளலாம். ராடு எண்டின் இரு பக்கமும் அகலமான வாஷர் கட்டாயம். உருண்டை கழன்று வந்தாலும் போல்ட்டை விட்டு ஆர்ம் வெளியே வராமல் அதுதான் பிடிக்கும். டெஃப்லான் லைனிங் உள்ளதாக வாங்குங்கள், மேலே ரப்பர் பூட் போடுங்கள். நம் ஊர்த் தூசியில் பூட் இல்லாத ராடு எண்ட் ஒரு மழைக்காலம் தாங்காது. பால் ஜாயின்ட் மட்டும் ஒரிஜினல் வகையிலேயே இருக்கட்டும் என்று விட்டேன். அதை எந்தக் கடையிலும் வாங்கலாம்.

பழைய ஆர்மைக் கழற்றுவதில் மல்லுக்கட்டு ஒரே இடத்தில்தான். பால் ஜாயின்ட்டின் தண்டு நக்கிளுக்குள் நுழைந்து, குறுக்கே ஒரு பிஞ்ச் போல்ட் அதன் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். பழைய வண்டியில் அந்த போல்ட் நக்கிளோடு ஒன்றாகத் துருப்பிடித்து நிற்கும். முந்தின நாள் இரவே துரு ஆயில் அடித்து ஊறவிடுங்கள். நட்டைக் கழற்றியதும் போல்ட்டை அடித்து வெளியேற்றப் பார்க்காமல் முதலில் முன்னும் பின்னுமாகச் சுற்றிக் கொடுங்கள். காய்ந்த துரு மாவாகக் கொட்டும். கொட்டக் கொட்ட இன்னும் கால் சுற்று. அப்புறம் பித்தளைத் துண்டு வைத்துத் தட்டினால் வரும். நக்கிளின் பிளவில் உளியை வைத்து லேசாக விரித்தால் தண்டு கீழே இறங்கும். 'லேசாக' என்பதை அழுத்திச் சொல்கிறேன், அது வார்ப்பு. அதிகம் விரித்தால் கீறல் விழும், அப்புறம் நக்கிளையே மாற்ற வேண்டும். திரும்ப மாட்டும்போது பழைய பிஞ்ச் போல்ட்டைப் போடாதீர்கள்.

கழற்றும் முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வண்டி நின்ற நிலையில் எல்லாவற்றையும் அளந்து எழுதிவிட வேண்டும். இரு பக்கக் கேம்பர், கேஸ்டர், மொத்த டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கிற அளவு), மட்கார்டிலிருந்து சக்கர மையம் வரை உயரம், டை ராடில் வெளியே தெரிகிற மரையின் நீளம், டிரைவ் ஷாஃப்ட்டின் உள் ஜாயின்ட் பூட் எவ்வளவு விரிந்திருக்கிறது என்பது வரை. பெயின்ட் மார்க்கரால் டை ராடிலும் ஷாஃப்ட்டிலும் ஒரு கோடு.

முதலில் ஒரிஜினல் நீளத்திலேயே புது ஆர்மை மாட்டி, பழைய அளவுகள் அப்படியே வருகிறதா என்று பார்த்தேன். இடப்பக்கம் வந்தது. வலப்பக்கம் அரை டிகிரி தள்ளி நின்றது. ஆர்ம் இரண்டும் ஜிக்கில் கச்சிதமாக உட்கார்ந்தன, ஆகவே தப்பு ஆர்மில் இல்லை. தேய்ந்த ரப்பர் புஷ் அத்தனை நாளும் ஆர்மை வெளியே சரியவிட்டு, பாடியில் இருந்த பழைய அடியை மறைத்து வைத்திருந்தது. இப்படி ஒரு வித்தியாசம் வந்தால் நீளத்தைத் திருகி எண்ணைச் சமமாக்குவதற்கு முன், அது எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். ஆர்ம்கள் மாட்டியிருக்கிற சப்ஃபிரேமின் போல்ட்டை இளக்கி, ஓட்டையில் கிடைக்கிற இடத்துக்கு நகர்த்தியதிலேயே என் வண்டியில் பாதி சரியானது. மீதியை ஆர்மில் எடுத்தேன்.

அப்புறம்தான் நீட்டல். ஒவ்வொரு ஐந்து மி.மீ.க்கும் நிறுத்திப் பார்த்தேன். ஸ்விஃப்ட்டில் டை ராடுகளைத் தள்ளுகிற ஸ்டீயரிங் ராக் ஆக்சிலுக்குப் பின்னால் இருக்கிறது. ஆர்ம் நீளும்போது சக்கரத்தின் பின்பக்கத்தை டை ராடு பழைய இடத்திலேயே பிடித்துக்கொள்ளும், முன்பக்கம் வெளியே திறக்கும். அதாவது டோ அவுட். இரண்டு டிகிரி கேம்பர் எடுத்த பிறகு வண்டியை முன்னால் தள்ளினால் டயர் கிரீச்சிடுகிற அளவுக்கு. டை ராடையும் நீட்டித்தான் ஆக வேண்டும், அங்கேயும் மரை எவ்வளவு மிச்சம் என்ற அதே கேள்வி வரும்.

டிரைவ் ஷாஃப்ட்டைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உள்பக்க சிவி ஜாயின்ட்டில் உள்ளே வெளியே நகர ஓரளவு இடம் உண்டு. சக்கரம் வெளியே போகப் போக அந்த இடத்தைத்தான் சாப்பிடுகிறோம். ஸ்ப்ரிங்கைக் கழற்றிய ஸ்ட்ரட்டை மட்டும் மாட்டி, ஜாக்கியால் நக்கிளை மேலும் கீழும் கொண்டுபோங்கள். முழுக்கத் தொங்கும் நிலை, நடு, முழுக்க ஏறிய நிலை, மூன்றிலும் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்பி, ஷாஃப்ட்டைக் கையால் பிடித்து இழுத்துத் தள்ளிப் பாருங்கள். எல்லா நிலையிலும் சில மி.மீ. ஆட்டம் இருக்க வேண்டும். எங்காவது ஆட்டமே இல்லாமல் இறுகினால் ஆர்மைக் குறைத்துத்தான் ஆக வேண்டும், வேறு வைத்தியம் கிடையாது. அதே மூன்று நிலையிலும் பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

அளப்பதற்கு அலைன்மென்ட் கடைக்கும் போனேன், ஃப்ளாட்பெட் லாரியில் ஏற்றி. 3டி மெஷினில் தட்டுகளை மாட்டியதும் திரை முழுக்கச் சிவப்பு.

"சார், இந்த வண்டில கேம்பர் அட்ஜஸ்ட்மென்டே கிடையாது சார். ஏதோ அடி வாங்கிருக்கு" என்றார் பையன்.

"இப்போ இருக்கு, கீழ இறங்கிப் பாருங்க" என்றேன்.

குழிக்குள் இறங்கியவர் கொஞ்ச நேரம் வரவில்லை. உள்ளிருந்தே இன்னொருவரைக் கூப்பிட்டார். அப்புறம் இரண்டு பேருமாகச் சேர்ந்து அதைப் பச்சைக்குக் கொண்டுவரக் கிளம்பினார்கள், தடுத்து நிறுத்த வேண்டியதாயிற்று. கடையில் வாங்க வேண்டியது அந்த எண்கள் எழுதிய தாள் மட்டும்தான். செட்டிங்கை நான் வீட்டில் நூல் கட்டித்தான் செய்கிறேன். வண்டியின் இரு பக்கமும் ஸ்டாண்டில் இழுத்துக் கட்டிய மீன்பிடி நரம்பு, நான்கு சக்கர மையத்துக்கும் இணையாக. ஸ்டீல் ஸ்கேலால் ரிம்மின் முன் விளிம்பு, பின் விளிம்பு. கேம்பருக்கு ரிம்மில் ஒட்டுகிற டிஜிட்டல் ஆங்கிள் மீட்டர். சக்கரத்துக்குக் கீழே இரண்டு டைல்ஸ், நடுவில் கிரீஸ். டைல்ஸ் இல்லாமல் ஆர்மைத் திருகினால் டயர் தரையைப் பிடித்துக்கொண்டு பொய் சொல்லும். ஒவ்வொரு திருகலுக்கும் பிறகு வண்டியை முன்னும் பின்னும் உருட்டி, பானெட்டை அழுத்தி விட்டு, அப்புறம்தான் அளவு. ஓட்டுகிறவரின் எடையும் சீட்டில் இருக்க வேண்டும். என் வீட்டில் அது இரண்டு மூட்டை பொன்னி அரிசி.

கேஸ்டர் அளக்கவும் அதே மீட்டர் போதும். சக்கரத்தை வெளியே 20 டிகிரி திருப்பிக் கேம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள், உள்ளே 20 டிகிரி திருப்பி மறுபடியும். வித்தியாசத்தை 1.5-ஆல் பெருக்கினால் கேஸ்டர் கிட்டத்தட்ட வந்துவிடும். பின் காலை நீட்டினால் பால் ஜாயின்ட் முன்னால் போய்க் கேஸ்டர் கூடும். டயரும் முன்னால் போகும், மட்கார்டு லைனரில் உரசுகிறதா என்று முழு லாக்கில் பார்க்க வேண்டும். இரு பக்கமும் கேஸ்டர் சமமாக இல்லையென்றால், குறைவாக உள்ள பக்கம் வண்டி இழுக்கும்.

என்னைக் கேட்டால், இந்த ஆர்மால் கிடைத்த பெரிய லாபம் கேம்பர் இல்லை, கேஸ்டர். நிலையான கேம்பரைக் கூட்டிக்கொண்டே போனால் வெளிச் சக்கரம் சந்தோஷப்படும், ஆனால் உள் சக்கரம் தப்பான பக்கம் சாய்ந்து நிற்கும். நேராகப் பிரேக் அடிக்கும்போதும் இரண்டு டயரும் உள் ஓரத்தில் நிற்கும். கேஸ்டர் அப்படியில்லை. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது மட்டும் வெளிச் சக்கரத்துக்கு மைனஸ், உள் சக்கரத்துக்கு பிளஸ் கொடுக்கும். நேராகப் போகும்போது தொந்தரவு இல்லை. கேஸ்டரை ஒன்றரை டிகிரி கூட்டிய பிறகு கேம்பரை மூன்றரையிலிருந்து இரண்டே முக்காலுக்குக் குறைத்தேன். வளைவில் பிடிப்பு குறையவில்லை, பிரேக்கிங் தூரம் எனக்கே தெரிகிற அளவு மேம்பட்டது. பதிலுக்கு ஸ்டீயரிங் கனத்துவிட்டது. மெதுவான திருப்பத்திலிருந்து ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது வண்டி கையை இழுக்கும், அதற்குப் பழகிக்கொள்ள வேண்டும்.

ட்ராக்கில் முதல் வித்தியாசம் முதல் திருப்பமான சி1-ல் தெரிந்தது. நீளமான, வேகமான வலது. முன்பெல்லாம் பாதியில் முன்பக்கம் வெளியே நழுவ ஆரம்பிக்கும், ஸ்டீயரிங்கை இன்னும் திருப்பிக்கொண்டே காத்திருக்க வேண்டும். இப்போது முதலில் கொடுத்த திருப்பத்திலேயே நிற்கிறது. பிட்டில் குத்திப் பார்த்தால் உள் ஓரம் வெளி ஓரத்தைவிட ஏழெட்டு டிகிரி கூடுதல் சூடு. அதுதான் வேண்டும். இடதுக்கு மைனஸ் இரண்டே முக்கால், வலதுக்கு இரண்டரை என்று வைத்திருக்கிறேன், கடிகாரச் சுற்று ட்ராக்குக்கு அது போதும். கோவை கரி ஸ்பீட்வேக்குப் போனாலும் முதலில் டயரைக் குத்திப் பார்த்துவிட்டுத்தான் எண்ணில் கை வைப்பேன்.

ஒரு தவறான நம்பிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வண்டியை நிறைய இறக்கியவர்கள் அட்ஜஸ்டபிள் ஆர்ம் போட்டால் ஜியாமெட்ரி திரும்ப வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். வராது. இறக்கிய வண்டியில் ஆர்ம் சக்கரப் பக்கம் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும், அதனால் ரோல் சென்டர் (வண்டி எதைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த மையம்) தரைக்குக் கீழே போய் வண்டி அதிகமாகச் சாயும். நீளத்தை மாற்றினால் அந்தச் சாய்வு மாறாது. அதற்குத் தண்டு நீளமான பால் ஜாயின்ட் வேண்டும், அதைப் போட்டால் டை ராடு நுனியையும் அதே அளவு கீழே இறக்க வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு பள்ளத்திலும் ஸ்டீயரிங் தானாகத் திரும்பும். எளிய வழி வண்டியைப் பதினைந்து மி.மீ. உயர்த்துவது. யாருக்கும் பிடிக்காது, போட்டோவில் நன்றாக இருக்காதே.

தெருவில் ஓட்டுகிற வண்டிக்கு இதைப் போடாதீர்கள். ராடு எண்ட் ஒவ்வொரு குழியையும் அப்படியே ஃப்ளோருக்குக் கடத்தும், சீக்கிரமே கடகடக்கவும் தொடங்கும். ஆர்.சி.யில் உள்ள கம்பெனி விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு வேறு இருக்கிறது. என் வண்டி ட்ராக்குக்குப் போவதும் வருவதும் ஃப்ளாட்பெட்டில்தான். ரேஸுக்குப் பதிவு செய்கிறவர்கள் தங்கள் வகுப்பின் விதியில் ஆர்ம் மாற்ற அனுமதி உண்டா என்று பார்த்துவிட்டு லேத்துக்குப் போங்கள்.

ட்ராக் நாள் காலையில் வண்டியை ஜாக்கியில் ஏற்றி, சக்கரத்தை மேலும் கீழும், பக்கவாட்டிலும் பிடித்து ஆட்டிப் பார்ப்பேன். லாக் நட் எல்லாவற்றிலும் நெயில் பாலிஷ் கோடு இருக்கிறது, கோடு உடைந்திருந்தால் நட் நகர்ந்திருக்கிறது. ராடு எண்டில் கடப்பாரை நுனியை வைத்து நெம்பினால் ஆட்டம் விரலுக்கே தெரியும். தெரிந்தால் அன்று அந்த வண்டி ஓடாது. வெல்ட் ஓரங்களை வருஷத்துக்கு ஒரு முறை சிவப்புச் சாயம் அடித்துக் கீறல் பார்க்கிறோம்.

புதுப்பேட்டை ஆர்மில் புது புஷ், புது பால் ஜாயின்ட் போட்டு டூல்ஸோடு எப்போதும் உதிரியாக எடுத்துப் போகிறேன். ரப்பர் புஷ் போல்ட்டை, வண்டி தன் எடையில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு கிழியும். டை ராடில் ஆரம்பத்தில் போட்ட பெயின்ட் கோடு அப்போதுதான் உதவும். ஆர்ம் பழைய நீளத்துக்கு வரும்போது டை ராடையும் அந்தக் கோட்டுக்குக் கொண்டுவந்துவிட்டால், நூல் கட்டாமலேயே மத்தியான செஷனுக்கு வண்டி ஓரளவு நேராக ஓடும்.